ஏழடிக்கு ஐந்தடி

பகலில் பிறருடைய மதகுகளை வரைபவள் நான்.
களுவாஞ்சிகுடியில், சபைக் கந்தோரில்,
வடிகான், சந்தைக் கொட்டகை, மயானத்து மதில்.
இரவில், மின்சாரக் கட்டணத் தாளின் முதுகில்
சொந்த வீட்டுக்கு ஒரு சதுரம் கீறினேன்:
பின்பக்கம், குசினிக்கு முன்னால்,
ஏழடிக்கு ஐந்தடி.

"இது என்ன புள்ள,
படுக்கவும் ஏலாது, சமைக்கவும் ஏலாது?"
தங்கேஸ்வரன் மேசன் பென்சிலைக் காதில் செருகினார்.
சேறு கழட்டுகிற இடம், என்றேன்.
"கழட்டுறதுக்கு அது என்ன சட்டையா?"
சீமெந்து விற்கிற விலையில்
அவர் சிரித்தது நியாயம்தான்.

ஆனால் ஜீவரெத்தினம் வட்டையால்
தனியே வருவதில்லை.
முழங்கால்வரை கறுத்த களி,
விரலிடுக்கில் ஓர் அட்டை,
முதுகில் மூடி சொட்டும் மருந்து டாங்கி.
கபிஷன் வருவது கிறவல் ரோட்டின் பாதியோடு.
டிலக்ஷி, சைக்கிள் சங்கிலியின் மசகோடு.
மண்டூர்த் துறையில் பாதை விட்டிறங்கி நான்,
வாவிக்கரை ஒட்டின செருப்போடு.

போன மாரியில் அவருக்கு எலிக்காய்ச்சல்.
கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.
"காலில காயம் இருந்ததா?"
டொக்டர் கேட்டது அவ்வளவுதான்.
கட்டிலருகே நின்று நான் நினைத்துப் பார்த்தது
அந்தக் கால் வீட்டுக்குள் நடந்த வழியை:
குசினி, பாய்,
பிள்ளை கொப்பி விரித்துப் படுத்தெழுதும் தரை.

ஆகவே
தரைக்கு மாபிள் இல்லை, வழுக்கும்.
ஈரச் சீமெந்தில் ஈர்க்குமாறால் கீறல்.
அடிக்குக் கால் அங்குலம் சரிவு,
சரிவு முடியும் மூலையில் நாலங்குலக் குழாய்.
அவர் இருந்தபடி காலை நீட்டிக் கழுவ
பைப்படியில் ஒரு சிறு கட்டு.
கபிஷனின் பைக்கு மூன்றடியில் கொளுக்கி.
அவன் வளர்வான், கொளுக்கி வளராது.
பலகையில் மேலே மேலே துளை போடச் சொன்னேன் ஓடாவியிடம்.
குசினிக்குள் ஏற ஆறங்குலப் படி,
"பகல்லயே தடக்கி விழுவீங்க" என்றார் மேசன்.

மருந்துக்கு மட்டும் உள்ளே இடமில்லை.
வெளிச்சுவரில், என் தலைக்கு மேலே,
இரும்புப் பெட்டி, பூட்டு, சாவி என்னிடம்.
பூட்டு ஏன் என்று மேசன் கேட்கவில்லை.
படுவான்கரையில் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

மார்கழியில் குளத்துக் கதவைத் திறந்தார்கள்.
விடியப்புறம் இரண்டு மணிக்கு
குழாய் கொப்பளிக்கிற சத்தம்.
வெளியே போகவென்று நான் விட்ட துளையால்
உள்ளே வந்துகொண்டிருந்தது வெள்ளம்.
ஊருக்கெல்லாம் மதகு கீறுகிறவள்
தண்ணீர் திரும்பியும் நடக்கும் என்பதை
தன் வீட்டில் மறந்துவிட்டாள்.

பொச்சு மட்டையில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி
குதியால் உதைத்து அடைத்தேன்.
அதற்குள் ஐந்தேகால் அங்குலம்.
பிள்ளைகள் படியில் குந்தியிருந்து
டோர்ச் அடித்துப் பார்த்தார்கள்:
ஒரு விரால் குஞ்சு,
செருப்புகளுக்கிடையில் வாசல் தேடுகிறது.
குசினித் தரை காய்ந்தே கிடந்தது.
முக்கால் அங்குலத்தால்.
அதை மேசனிடம் இன்னும் சொல்லவில்லை,
சொன்னால் குழாய்க் கதையையும் சொல்லவேண்டும்.

நாலாம் நாள் வெள்ளம் வடிந்தது.
பின்னேரம் ஜீவரெத்தினம் வட்டையால் ஓடி வந்தார்.
"மேட்டுப் பக்கம் தப்பிட்டு!
ரெண்டு ஏக்கரும் பச்சையா நிக்கிது!"
ஓடி வந்தது முன்வாசலால்.
நடுவீட்டைக் கடந்து, குசினி கடந்து,
அந்த அறையின் படியில் வந்து நின்றுதான்
தன் காலைக் குனிந்து பார்த்தார்.

பதினொரு தடம்.
எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.
பிறகு ஈரத்துணியை
அவர் கையில் கொடுத்தேன்.